வியாழன் பார்க்கலாம்

பெர்கனில் மழை பெய்யாத நாளை
நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பவர்கள் உண்டு.
எனக்கு இப்போது வட்டமும் தெரியாது, தேதியும் தெரியாது.
நேராகப் பார்த்தால் நடுவில் சாம்பல் கறை.
ஓரங்கள் மட்டும் மிச்சம்.
மகன் எதிரே வந்து உட்கார்ந்தால்
இரண்டு காதுகள் வருகின்றன,
ஒரு சட்டைக் காலர் வருகிறது,
முகம் வரவில்லை.
"எப்படி இருக்கே அம்மா?" என்கிறது
முகம் இருக்க வேண்டிய இடம்.
நன்றாக இருக்கிறேன் என்று
காதுகளிடம் சொல்கிறேன்.

முப்பத்தொரு வருடம் படகில் சீட்டுப் பரிசோதித்தவள்.
குன்வோர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்பார்கள்.
மண் தேவைப்படவில்லை.
வயதே போதுமாக இருந்தது.

கண் மருத்துவர் நான்கு நிமிடம் பேசினார்.
இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதை
மிக மென்மையாகச் சொன்னார்.
அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.
வெளியே வந்து தவறான பேருந்தில் ஏறி
கடைசி நிறுத்தம் வரை போனேன்.
யாரிடமும் கேட்கவில்லை.
கேட்டால், பலகை ஏன் தெரியவில்லை என்று
சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம் அவர்கள் வந்தார்கள்.

செப்டம்பரில், சமையலறை மேசைக்குப் பின்னால்,
நீலத் தொப்பி வைத்த சிறிய மனிதர்கள்,
ஏழெட்டுப் பேர், முழங்கால் உயரம்.
பேச்சில்லை, காலடிச் சத்தமில்லை.
தொப்பியின் தையலைக்கூட எண்ணலாம்.
பெற்ற மகன் மங்கல்;
இல்லாதவன் பொத்தான் துல்லியம்.
கண்ணை மூடினேன், போனார்கள்.
திறந்தேன், ஒருவன் கூடுதலாக நின்றான்.

ஐந்து மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை.
கண் போனதை ஊர் பொறுத்துக்கொள்ளும்,
புத்தி போனதை?
மறதிக்காரர்கள் இல்லத்தின் முகவரியை
நானே மனப்பாடம் செய்துவைத்தேன்,
கொண்டுபோய் விடுகிற அன்று
மகன் வழி தேடி அலையக் கூடாதென்று.

ஒலிநூல் எடுத்துத் தரும் நூலகத்துப் பையன்
ஒரு தொலைபேசி எண் கொடுத்தான்.
வியாழன், மாலை ஐந்து.
எடுத்தவள் பெயர் ஓஸ்ஹில்ட்.
பிறவியிலேயே பார்வையில்லை.
அவளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கெட்டில் கொதிக்கும்.
மூன்று வியாழன் மழையைப் பற்றிப் பேசினேன்.
நான்காவதில் வாய் தவறிற்று:
"வீட்டில் ஆட்கள் தெரிகிறார்கள்."

ஒரு மௌனத்துக்காகக் காத்திருந்தேன்,
பிறகு இணைப்பு வேறொருவருக்கு மாறுவதற்காக.
"என்ன உடுத்தியிருக்கிறார்கள்?" என்றாள்
நிறமே பார்த்திராதவள்.

நீலம், தையல், பொத்தான் எல்லாம் சொன்னேன்.
அதன்பிறகுதான் அவள் சொன்னாள்:
கண் சரக்கு அனுப்புவதை நிறுத்தினாலும்
மூளை கடையை மூடுவதில்லை,
பழையதை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கும்.
இதற்கு ஒரு பெயர் உண்டு,
பைத்தியம் அதன் பெயரல்ல.
மருத்துவரிடம் ஒருமுறை சொல்லிவையுங்கள்.
இங்கே பேசுகிறவர்களில்
ஒருவருக்குக் குதிரை வருகிறது,
ஒருவருக்கு வேலி.

வேலியா என்று சிரித்துவிட்டேன்.
சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது, தெரியாது.
தொப்பிக்காரர்களுக்காக அல்ல.
திருப்பிக் கொடுத்த ஓட்டுநர் உரிமத்துக்காக,
அந்தப் பேருந்துக்காக,
காதுகளிடம் சொன்ன பொய்களுக்காக.
அழாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை.
கெட்டிலை அணைத்தாள். அவ்வளவுதான்.

ஞாயிறு மகன் வந்தபோது
அவன் தோளுக்கு அப்பால் ஜன்னலைப் பார்த்தேன்.
எங்கே பார்க்கிறாய் என்றான்.
உன்னைத்தான் ரூனார்,
விலகிப் பார்த்தால்தான் வருகிறாய்.
தாடி வைத்திருக்கிறாயா?
"நவம்பரிலிருந்து" என்றான்.
மற்றதையும் அன்றே சொன்னேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.
சில காலைகளில் போர்வையை விலக்கக் காரணம் அகப்படுவதில்லை.
நீலத் தொப்பிகள் இன்றும் வந்தன, காப்பி நேரத்தில்.
சீட்டைக் காட்டுங்கள் என்றேன்.
ஒருவனிடமும் இல்லை.

விடைபெறும்போது எல்லோரும்
"பார்க்க" என்று தொடங்கி
நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள்,
கடைக்காரி, தபால்காரர், கூடப்பிறந்த தங்கை.
ஓஸ்ஹில்ட் கடிப்பதில்லை.
ஒருநாளும் எதையும் பார்த்திராதவள்
வாராவாரம்
"சரி குன்வோர், வியாழன் பார்க்கலாம்"
என்று போனை வைக்கிறாள்.